ரீசெட் அடிப்பதற்கு முன்னால் அந்த நாலு இலக்க எண்ணைப் படியுங்கள்

பினாங்கு பிறையில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஸ்டாக் புரோகிராம் இன்னும் ஐபிஎம்மின் பழைய பெரிய மெஷினான ஏஎஸ்/400-இல்தான் ஓடுகிறதாம், அதே பச்சைத் திரை. மூன்று தொல்லை. தட்டிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு பூட்டிக்கொண்டு கீழே எக்ஸ் குறி வருகிறது. புது லேப்டாப் வந்ததிலிருந்து எண்ணிக்கைக் கட்டத்தில் எண்ணைப் போட்டு எண்டர் தட்டினால் ஏற்க மாட்டேன் என்கிறது. பார்கோடு ஸ்கேன் செய்தால் சில பொருள்களுக்கு மட்டும் உறுதி கேட்கிற திரை தானாகவே தாண்டிப் போய்விடுகிறது. ஐ.டி. ஆள்கள் இரண்டு தடவை கீபோர்டை மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை, புரோகிராம் எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், இனி என்ன செய்வது என்கிறார்.

தம்பி, கீபோர்டை மாற்றியது வீண் செலவு. பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைகளில் இந்த மெஷினோடு இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், ‘கீபோர்டு வேலை செய்யவில்லை’ என்று என்னிடம் வந்ததில் கீபோர்டே கெட்டுப்போயிருந்தது மிகக் குறைவு, அதிலும் பாதி காப்பி கொட்டியது.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இந்தத் திரை நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பெரிய மெஷினுக்கு அனுப்புவதில்லை. ஏஎஸ்/400 ஒரு திரையை அனுப்பும்போதே கூடவே ஒரு சட்டப் புத்தகத்தையும் அனுப்பிவிடுகிறது: இந்த இடத்தில் கட்டம் தொடங்குகிறது, இத்தனை எழுத்து நீளம், இதில் எண் மட்டும், இது வலப்பக்கம் ஒட்ட வேண்டும், இது தொடக்கூடாத இடம் என்று. நீங்கள் தட்டுவதெல்லாம் உள்ளூரிலேயே நிரம்பும். எண்டரோ எஃப் கீயோ அழுத்தினால்தான் மொத்தமாகப் போகும். அந்தக் காலத்தில் 5250 டெர்மினலும் (வெறும் திரையும் கீபோர்டும்) அதன் கன்ட்ரோலரும் இந்தச் சட்டத்தைக் காவல் காத்தன, இன்றைக்கு உங்கள் பிசியில் ஓடுகிற எமுலேட்டர் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே தப்பான இடத்தில் தட்டினால் பூட்டுவது பெரிய மெஷின் இல்லை, உங்கள் பிசிதான். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிய அந்த நொடியிலும் அதே பூட்டு விழும். ஏஎஸ்/400 வந்தது 1988 ஜூனில், அப்புறம் ஐசீரீஸ், சிஸ்டம் ஐ, ஐபிஎம் ஐ என்று பெயர் மாறிக்கொண்டே போனது, ஆனால் திரை பேசுகிற இந்தப் பாஷை மாறவே இல்லை.

அதனால் பூட்டியதும் என்ன பார்க்க வேண்டும்? கீழ்வரியை. எல்லாரும் செய்கிற தப்பு, பூட்டியதும் பதறிப்போய் ரீசெட் கீயை நாலு தடவை குத்துவது (நிறைய எமுலேட்டரில் அது இடது கன்ட்ரோல்). ரீசெட் அடித்தால் பூட்டு திறக்கும், சரி, கூடவே சாட்சியும் அழிந்துவிடும். எக்ஸ் குறியோடு நாலு இலக்க எண் இருந்தால் உங்கள் பிசி உள்ளூரில் மறுக்கிறது. எக்ஸோடு ஒரு வாசகம் இருந்தால் பெரும்பாலும் புரோகிராம் மறுக்கிறது. எண்ணும் இல்லை, வாசகமும் இல்லை, வெறும் எக்ஸ் மட்டும் அப்படியே நிற்கிறது என்றால் பெரிய மெஷின் இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்றுக்கும் மூன்று வேறு வைத்தியம்.

எண்களில் நீங்கள் அடிக்கடி பார்க்கப் போவது ஐந்தாறுதான். 0005 என்றால் கர்சர் தொடக்கூடாத இடத்தில் நிற்கிறது. மவுசால் எங்கேயோ கிளிக் செய்துவிட்டு அங்கே தட்டினால் இது வரும், மவுஸ் பழகிய பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க இதைத்தான் வாங்குவார்கள். ஆனால் ஒரு கட்டத்தில் நேற்று தட்ட முடிந்தது, இன்றைக்கு அதே கட்டத்தில் 0005 என்றால் உங்கள் மேல் தப்பில்லை. அந்தக் கட்டத்தைப் ‘பாதுகாக்கும்’ இண்டிகேட்டர் (உள்ளே இருக்கும் ஒரு சுவிட்ச்) ஒன்றைப் புரோகிராம் முந்தைய ரெக்கார்டுக்காக ஏற்றி வைத்துவிட்டு இறக்க மறந்திருக்கிறது. எஃப்12 அடித்து வெளியே போய்த் திரும்பி வந்தால் சரியாகிறதா பாருங்கள், ஆனாலும் அது புரோகிராமரிடம் சொல்ல வேண்டிய சங்கதி. 0009 என்றால் எண் மட்டும் வாங்கும் கட்டத்தில் எழுத்து. 0012 என்றால் இன்சர்ட் மோடில் இருக்கிறீர்கள், கட்டத்தில் நுழைக்க இடமில்லை. ரீசெட் அடித்தால் இன்சர்ட்டும் போய்விடும். 0018-உம் 0020-உம் தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, அதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய 122 கீ உள்ள ஐபிஎம் கீபோர்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்றைக்கு எண்டர் இருக்கிற இடத்தில் அதில் இருந்தது ‘ஃபீல்டு எக்ஸிட்’. எண்டர் கீழே, இன்றைய வலது கன்ட்ரோல் இருக்கும் இடத்தில். இரண்டும் வேறு வேறு வேலை. எண்டர் என்பது ‘திரையை அனுப்பு’. ஃபீல்டு எக்ஸிட் என்பது ‘இந்தக் கட்டம் முடிந்தது, இதைச் சரிசெய்து மூடிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போ’. வலப்பக்கம் ஒட்ட வேண்டிய எண் கட்டத்தில் 25 என்று தட்டி ஃபீல்டு எக்ஸிட் அடித்தால்தான் அது நகர்ந்து வலது ஓரத்தில் போய் உட்காரும், முன்னால் சைபரோ வெற்றிடமோ நிரம்பும். அதைச் செய்யாமல் நேராக எண்டர் அடித்தால், ‘ஐயா, கட்டத்தை இன்னும் மூடவில்லையே’ என்று 0020 காட்டும். ஃபீல்டு எக்ஸிட் கட்டாயம் என்று எழுதப்பட்ட கட்டத்தில் கடைசி எழுத்து வரை நிரப்பிவிட்டு மேலும் தட்டினால் 0018. அந்தக் காலத்துக் கிராணிமார் (குமாஸ்தாக்கள்) ஃபீல்டு எக்ஸிட்டை வலது சுண்டுவிரலால் பார்க்காமலே தட்டுவார்கள், அந்த வேகம் இப்போது யாருக்கும் கிடையாது.

இப்போது பிசியில் இந்த ஃபீல்டு எக்ஸிட் எங்கே இருக்கிறது? நிறைய அலுவலகங்களில் வலது கன்ட்ரோலில். உங்கள் புது லேப்டாப்பைப் பாருங்கள் தம்பி, வலது கன்ட்ரோல் இருக்கிறதா? 2024-இல் மைக்ரோசாஃப்ட் கோபைலட் கீ என்று ஒன்றை அறிவித்தது, பல லேப்டாப்பில் அது உட்கார்ந்திருப்பது சரியாக அந்த வலது கன்ட்ரோலின் இடத்தில்தான். அதை அழுத்தினால் விண்டோஸுக்குப் போவது விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஃப்23 மூன்றும் சேர்ந்த ஒரு கலவை. எமுலேட்டருக்கு அது ஃபீல்டு எக்ஸிட் இல்லை. உங்கள் ஆள்கள் பழைய விரல் பழக்கத்தில் அந்த இடத்தைத் தட்டுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை, அல்லது ஏதோ ஜன்னல் திறக்கிறது, சலித்துப்போய் எண்டர் தட்டுகிறார்கள், 0020. கேட்டால் ‘லேப்டாப் சரியில்லை பாஸ்’.

வைத்தியம் லேசு. எமுலேட்டரின் கீபோர்டு அமைப்பில் போய் ஃபீல்டு எக்ஸிட்டை நம்பர் பேடில் இருக்கும் எண்டருக்கு மாற்றுங்கள். எண் தட்டும் கை அங்கேதான் இருக்கிறது, நான் எல்லா இடத்திலும் அப்படித்தான் வைப்பேன். நம்பர் பேடு இல்லாத சின்ன லேப்டாப் என்றால் இருபது முப்பது ரிங்கிட்டுக்கு ஒரு யூஎஸ்பி நம்பர் பேடு வாங்கிச் செருகுங்கள். மாற்றியதும் அந்த மேப்பை, அதாவது எந்தக் கீ என்ன செய்யும் என்ற அமைப்பை, ஒரு கோப்பாகச் சேமித்து எல்லாப் பிசியிலும் அதையே போடுங்கள். பிசிக்கு ஒரு மேப் என்று விட்டால் ஷிஃப்ட் மாறும்போது சண்டை வரும், அனுபவித்திருக்கிறேன். இன்னொன்று, யாராவது இதை விர்ச்சுவல்பாக்ஸ் (பிசிக்குள் இன்னொரு பிசியை ஓட்டும் மென்பொருள்) உள்ளே ஓட்டினால் வலது கன்ட்ரோலை அது தன் ஹோஸ்ட் கீயாகப் பிடித்து வைத்திருக்கும், உள்ளே விடாது. அரை நாள் இதைத் தேடியிருக்கிறேன்.

ஃபீல்டு எக்ஸிட்டைப் பழக்கிவிடும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அது கர்சர் நிற்கும் இடத்திலிருந்து கட்டத்தின் கடைசி வரை இருப்பதை அழித்துவிடும். ‘சுப்பிரமணியம்’ என்று ஒரு வாடிக்கையாளர் பெயர் இருக்கிறது, நடுவில் ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு அங்கேயே ஃபீல்டு எக்ஸிட் அடித்தால் அவர் ‘சுப்பிர’ ஆகிவிடுவார். (பெயரெல்லாம் ரோமன் எழுத்தில்தான் இருக்கும், விளங்கட்டும் என்று சொல்கிறேன்.) திருத்தும்போது டேப், புதிதாகப் போடும்போது ஃபீல்டு எக்ஸிட், அவ்வளவுதான். நம்பர் பேடின் கழித்தல் குறியையும் பாருங்கள். பல மேப்பில் அது சாதாரணக் கழித்தல் இல்லை, ‘ஃபீல்டு மைனஸ்’, கட்டத்தையே எதிர்மறை ஆக்கி மூடிவிடும். எண் மட்டும் வாங்கும் சில கட்டங்களில் அப்படி ஆனால் கடைசி இலக்கம் எழுத்தாக மாறித் தெரியும், 125 என்பது 12என் என்று. திரையில் எண்ணுக்கு வாலில் ஒரு ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் வைரஸ் என்று பயப்படாதீர்கள், ஜே என்றால் 1, கே என்றால் 2, அப்படியே ஆர் வரை 9. மைனஸ் எண் அது.

இப்போது ஸ்கேனர். உங்கள் மூன்று தொல்லையில் உண்மையிலேயே ஆபத்தானது இதுதான், ஏனென்றால் மற்ற இரண்டும் வேலையைத் தடுக்கும், இது தப்பான கணக்கைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும்.

‘சில பொருள்களுக்கு மட்டும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அந்தச் சில பொருள்கள் எவை, அவற்றின் பார்கோடு எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பாருங்கள். திரை வடிவத்தில் ஒரு கட்டத்துக்கு ‘செக் இஆர்’ என்று ஒரு குறிப்புப் போடலாம். கட்டத்தின் கடைசி இடம் நிரம்பிய உடனே, யாரும் எண்டர் தட்டாமலே, திரை தானாக அனுப்பப்படும். கையால் தட்டிய காலத்தில் ஒரு தட்டு மிச்சம் என்று புரோகிராமர்கள் ஆசையாகப் போட்டார்கள். பின்னால் ஸ்கேனர் வந்தது. ஸ்கேனர் என்பது பிசியின் கண்ணுக்கு வேகமாகத் தட்டும் இன்னொரு கீபோர்டு, பார்கோடைத் தட்டி முடித்ததும் வழக்கமாக ஒரு எண்டரையும் சேர்த்துத் தட்டும்.

கட்டம் 13 இடம் என்று வையுங்கள். நம் ஊர்ப் பொருள்களில் 955 என்று தொடங்குகிறதே, அந்தக் கோடு 13 இலக்கம். கட்டம் முழுக்க நிரம்புகிறது, திரை தானாகப் போகிறது. அதற்கு அடுத்த நொடியின் ஒரு துண்டில் ஸ்கேனரின் எண்டர் வந்து சேர்கிறது. திரை பூட்டியிருக்கிறது, ஆனால் டைப்-அஹெட் என்று ஒரு வசதி இருப்பதால் அந்த எண்டர் வீணாகாமல் வரிசையில் காத்திருக்கிறது. பெரிய மெஷின் அடுத்த திரையை, ‘எண்ணிக்கை இவ்வளவு, சரியா?’ என்ற திரையை, அனுப்புகிறது. பூட்டுத் திறந்ததும் காத்திருந்த எண்டர் அதன்மேல் விழுகிறது. ஆள் கண் சிமிட்டுவதற்குள் உறுதிசெய்தாகிவிட்டது. அமெரிக்கச் சரக்கில் வரும் 12 இலக்கக் கோடு என்றால் கட்டத்தில் ஒரு இடம் மிச்சம் இருக்கும், தானாகப் போகாது, ஸ்கேனரின் எண்டர் மட்டுமே வேலை செய்யும், எல்லாம் ஒழுங்கு. அதனால்தான் சிலது சரி, சிலது தப்பு. நான் இருந்த ஒரு ஸ்டோரில் இதே கதை, ஸ்டாக் எண்ணும்போது கணக்கு உதைத்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை பையன்கள் கவனக்குறைவு என்று சூப்பர்வைசர் ஏசிக்கொண்டிருந்தார், பாவம்.

ஸ்கேனரில் எண்டரை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, அப்போது 12 இலக்கப் பொருள்கள் நின்றுவிடும். சரியான வழி, திரை வடிவத்தின் சோர்ஸ் (புரோகிராமர் எழுதிய மூலம்) இருந்தால் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்வது, அனுப்புகிற பொறுப்பை ஸ்கேனரிடம் மட்டும் விடுவது. சோர்ஸைத் தொட யாரும் இல்லை என்றால் ஸ்கேன் மேசைக்கென்று தனி யூசர் புரொஃபைல் வைத்து அதில் கீபோர்டு பஃபரிங்கை (அந்த டைப்-அஹெட்டுக்குப் பெரிய மெஷின் பக்கத்துப் பெயர்) ‘வேண்டாம்’ என்று மாற்றுங்கள், மறுபடி சைன்-ஆன் செய்தால்தான் அது பிடிக்கும். எமுலேட்டரிலும் தனியாக ஒரு டைப்-அஹெட் அமைப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். உபரி எண்டர் பூட்டின்மேல் மோதி விழுந்துவிடும். ஆனால் இது ஒட்டுப்போட்ட வேலைதான். என்றைக்காவது மெஷின் ஸ்கேனரை விட வேகமாகப் பதில் சொன்னால் மறுபடி அதே கதை. ஸ்கேனரையே 12 இலக்கத்தின் முன்னால் ஒரு சைபர் சேர்த்து 13-ஆக அனுப்பச் சொல்லிவிட்டு எண்டரை எடுத்துவிடலாம், பல ஸ்கேனரில் அந்த வசதி உண்டு, ஆனால் உங்கள் பொருள் பட்டியலில் கோடு எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இனி வெறும் எக்ஸ். எண் இல்லை, வாசகம் இல்லை, ரீசெட் அடித்தாலும் போகவில்லை. இது பெரிய மெஷின் பக்கம். இன்னொரு செஷனில் உள்ளே போய் ‘வொர்க் ஆக்ட் ஜாப்’ (WRKACTJOB) கட்டளை போட்டு, உறைந்த திரைக்காக மெஷினில் ஓடும் ஜாபின் நிலையைப் பாருங்கள். டிஎஸ்பிடபிள்யூ (DSPW) என்றிருந்தால் மெஷின் உங்கள் தட்டலுக்காகக் காத்திருக்கிறது, அதாவது தகராறு நடுவில், நெட்வொர்க்கிலோ எமுலேட்டரிலோ. எல்சிகேடபிள்யூ (LCKW) என்றால் யாரோ ஒரு பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ பெரும்பாலும் பசியாறப் போனவர். ஆர்பிஜி என்ற ஐபிஎம் மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களில், திருத்துவதற்காகத் திறந்த கோப்பில் ஒரு ரெக்கார்டைப் படித்தாலே அது பூட்டப்படும். அதைத் திரையில் காட்டிவிட்டு ஆள் எண்டர் தட்டும்வரை பூட்டு அப்படியே இருக்கும். ஒருவர் ஒரு பொருளைத் திறந்து வைத்துவிட்டு நாசி கண்டார் வரிசையில் போய் நிற்கிறார், இங்கே அதே பொருளைத் தொடுகிற எல்லாருக்கும் கீபோர்டு உறைந்துவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 60 வினாடி காத்திருந்துவிட்டுப் பிறகு பிழை வரும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் மெஷின் நோய்வாய்ப்படுகிறது என்று ஒரு இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளி இடைவேளை நீளம், தொழுகைக்குப் போகிறவர்கள் போய்விட்டு நிதானமாகச் சாப்பிட்டு வருவார்கள், மற்றவர்களும் அந்தச் சாக்கில் வெளியே போவார்கள், நாலைந்து திரை திறந்தபடி கிடக்கும். மெஷினுக்கு நோயும் இல்லை ஒன்றும் இல்லை. ரெக்கார்டு பூட்டைக் காட்டும் கட்டளையில் யார் பெயர் என்று வந்துவிடும். நிரந்தர வைத்தியம், பூட்டாமல் படித்துக் காட்டிவிட்டு எழுதும்போது மட்டும் பூட்டும்படி புரோகிராமை மாற்றுவது. அதுவரைக்கும் எழுந்து போகிறவர்கள் எஃப்12 அடித்துவிட்டுப் போகட்டும்.

பூட்டியிருக்கும்போதும் வேலை செய்கிற ஒரு கீ இருக்கிறது, சிஸ்டம் ரிக்வெஸ்ட், நிறைய எமுலேட்டரில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும். அதில் 3 போட்டால் ஜாப் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கலாம், தொந்தரவில்லை. 2 போட்டால் ஓடுவதை நிறுத்திவிடும். பதிவு பாதியில் இருக்கும்போது 2 போட்டவரால் ஒரு மாதக் கடைசியில் நாங்கள் விடிய விடிய உட்கார்ந்தோம். ஆகவே 3 எல்லாருக்கும், 2 யாருக்கும் இல்லை.

விண்டோஸ் பக்கத்துத் தொல்லைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நோட்பேடைத் திறந்து அதில் தட்டிப் பாருங்கள், அங்கேயும் கோளாறு என்றால் ஏஎஸ்/400-ஐ விட்டுவிடுங்கள். இந்தப் புரோகிராம்களில் எஃப்13 முதல் எஃப்24 வரை ஷிஃப்ட்டோடு தட்டுவது, அதனால் ஷிஃப்ட் அடி அதிகம். ஷிஃப்ட்டை வரிசையாக ஐந்து தடவை தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும், யாராவது படிக்காமல் ஆமாம் சொல்லிவிட்டால் அப்புறம் எஃப்3 தட்டினால் எஃப்15 போகும். வலது ஷிஃப்ட்டை எட்டு வினாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ், வேகமான தட்டல்களை விழுங்கிவிடும். இரண்டையும் அணைத்து வையுங்கள். நம் ஊரில் இன்னொன்று, ஒரே பிசியில் ஒருவர் சீனத்தில் தட்டுவார், ஒருவர் அஞ்சல் விசைமுறையில் தமிழ் தட்டுவார். மொழி மாற்றாமல் எழுந்து போனால் அடுத்தவர் பச்சைத் திரையில் என்ன தட்டினாலும் உள்ளே போகாது, அல்லது கேள்விக்குறிபோல ஏதாவது விழும். எமுலேட்டர் பிசியில் ஆங்கிலத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. தமிழ் அடிப்பதற்கு வேறு பிசி கொடுங்கள்.

டாலர் குறி இருக்கிற பாஸ்வேர்டு ஒரு பிசியில் மட்டும் ஏற்கவில்லை என்றால் எமுலேட்டரின் கோடு பேஜைப் (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) பாருங்கள். அமெரிக்க 37-இல் டாலர் இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ் 285-இல் பவுண்டு இருக்கிறது. யாரோ செட்டப் செய்தபோது நாடு என்ற இடத்தில் யு.கே. என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஸ்கேன் மேசையில் அந்தத் தாண்டிப் போகிற பொருள்களின் கோடு நீளத்தையும், திரையில் அந்தக் கட்டத்தின் நீளத்தையும் எண்ணி எழுதுங்கள். கீபோர்டு பூட்டினால் ரீசெட்டுக்கு முன்னால் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், கீழ்வரியும் கர்சர் நிற்கும் இடமும் தெரிகிற மாதிரி. அந்த இரண்டும் கையில் இருந்தால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.